கையெழுத்து பொருந்தாத சாவி

பி.காம். படிக்கிறவனுக்கும் கார் மெக்கானிசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லைதான். போன வருடம் ஐப்பசியில் ஒரு புதன்கிழமை விடிகாலை வரைக்கும் எனக்கும் இல்லை. அன்றைக்கு எங்கள் கார் கிளம்ப மறுத்தது. அதற்குக் காரணம் நான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் கதைதான் இது. நடுவில் கொஞ்சம் தொழில்நுட்பமும் வரும், பயப்படாமல் படியுங்கள்.

எங்கள் ஊர் திண்டுக்கல். அப்பா நூல் மில்லில் சூப்பர்வைசர். 2021-இல் ஒரு பழைய சின்ன கார் வாங்கினார். 2012 மாடல், நாங்கள் இரண்டாவது ஓனர். வாங்கும்போது முதல் ஓனர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். "இன்னொண்ணு எங்கேயோ கிடக்கு, தேடித் தர்றேன்" என்றார். இன்று வரை தேடிக்கொண்டுதான் இருக்கிறார் :-)

அந்த ஒற்றைச் சாவியின் ரப்பர் பட்டன் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மேலே செல்லோ டேப் ஒட்டி அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருக்கும். அவர் பிறந்த நாளுக்கு ஏதாவது செய்யலாம் என்று, பட்டனை அமுக்கினால் கத்தி மாதிரி மடங்கி விரியும் புது சாவிக் கவர் ஒன்றை ஆன்லைனில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாவிக் கடைக்காரர் புதுத் தகட்டில் பல் வெட்டி, பழைய சாவிக்குள் இருந்த ரிமோட் போர்டை எடுத்துப் புதுக் கவருக்குள் வைத்துக் கொடுத்தார். கூலி 150. வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினேன். 'டக்' என்று நான்கு கதவும் திறந்தன. வேலை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். காரை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே தோன்றவில்லை. கதவு திறக்கிற சாவி காரை ஓட்டாது என்று யார் நினைப்பார்கள்?

அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். நாலைந்து தடவை மடக்கி விரித்துப் பார்த்தார். "கவர் மட்டும்தான் மாத்தினேன்ப்பா" என்றேன். சாவி ஆணியில் தொங்கியது. கார் இரண்டு நாள் ஷெட்டிலேயே நின்றது.

மூன்றாம் நாள்தான் அந்தப் புதன்கிழமை. அப்பத்தாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். புரை முற்றி வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. காலை 7.30-க்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அப்பத்தா 4 மணிக்கே குளித்து, வெற்றிலைப் பை, மாற்றுச் சேலை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்பா சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பத்துத் தடவை, பதினைந்து தடவை. கடைசியில் சுற்றுவதும் நின்றுபோய் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

இங்கேதான் எல்லோரும் ஏமாந்தோம். 7.30-க்கு வந்த மெக்கானிக் அந்த 'டிக் டிக்' சத்தத்தை மட்டும்தான் கேட்டார். "பேட்டரி செத்துப்போச்சுண்ணே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பேட்டரி செத்ததால் கார் கிளம்பாமல் போகவில்லை. கார் கிளம்பாததால் நாங்கள்தான் திருப்பித் திருப்பிப் பேட்டரியைக் கொன்றிருந்தோம். நோயை விட்டுவிட்டு நோயால் வந்த களைப்புக்கு வைத்தியம் பார்த்த கதை.

வேறு வழியில்லாமல் 2,200 ரூபாய்க்கு டாக்சி பிடித்து மதுரை போய்ச் சேர்ந்தபோது மணி 10 தாண்டிவிட்டது. அன்றைய லிஸ்ட் முடிந்துவிட்டது என்று 12 நாள் தள்ளி வேறு தேதி கொடுத்தார்கள். திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. அப்பத்தாதான், "இன்னொரு கண்ணு நல்லாத்தானய்யா இருக்கு, எங்க ஓடிப்போகப் போகுது" என்றது.

சாயங்காலம் புது பேட்டரி வந்தது. 4,200 ரூபாய். இன்ஜின் ஜோராகச் சுற்றியது. பிடிக்கவில்லை! மறுநாள் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். அதற்கு 1,200. பம்ப்பிலும் கோளாறு இல்லை. "அப்போ ஈ.சி.யூ. போயிருக்கும்ணே, 15 ஆயிரம் ஆகும்" என்றார். அப்பா எதுவும் சொல்லாமல் மில்லுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

அன்று மதியம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். ஸ்க்ரூ டிரைவரைக்கூட எடுக்கவில்லை. சாவியைத் திருப்பி டேஷ்போர்டையே பார்த்தார். ஒரு மூலையில் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று படபடவென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அது சிமிட்டியிருக்கிறது, நாங்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

"இன்னொரு சாவி இருக்கா தம்பி?"

"இல்லண்ணே."

"கடைசியா வண்டியில என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலண்ணே" என்றேன்.

இந்த இடத்தை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று நிறைய யோசித்தேன். அவர் கேட்டபோது அந்த மடக்குச் சாவி என் கண் முன்னால் வந்தது உண்மை. கவர்தானே, அது வண்டியில் சேர்த்தியா என்று ஒரு மனசு சொன்னது. சொன்னால் 7,600 ரூபாயும் அப்பத்தாவின் ஆபரேஷன் தள்ளிப்போனதும் என் தலையில் விழும் என்று இன்னொரு மனசு சொன்னது. பாதி அறியாமை, பாதி பயம். அவர், "திருட்டுத் தடுப்பு சிஸ்டம் சாவியை ஏத்துக்க மாட்டேங்குது. நாளைக்கு ஸ்கேனரோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடத்திலிருந்தே ஒரு உதாரணம் சொன்னால் எளிதாகப் புரியும்.

ஒரு செக் பேங்குக்குப் போகிறது. செக் தாள் அசல், கணக்கில் பணமும் இருக்கிறது. ஆனால் கையெழுத்து பேங்கில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை. என்ன ஆகும்? செக் திரும்பி வந்துவிடும். நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் வந்துவிடும்.

காரிலும் அப்படித்தான். சாவியின் இரும்புத் தகடு என்பது செக் தாள் மாதிரி. பல் சரியாக இருந்தால் பூட்டு சுழலும், அவ்வளவுதான். கையெழுத்து இருப்பது சாவியின் தலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன சிப்பில். இதற்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். எங்கள் காருடையது கறுப்பாக, புளியங்கொட்டையில் பாதி அளவு. சில கார்களில் சின்னக் கண்ணாடிக் குப்பி மாதிரி இருக்கும். இதற்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு காயில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்தக் காயில் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அதிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழித்து, தன் அடையாளத்தைச் சொல்லும். பழைய வகை ஒரே எண்ணைச் சொல்லும். அடுத்து வந்த வகைகளில் கார் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி கேட்கும், சிப் தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். விடை சரியென்றால் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர், அதாவது ஈ.சி.யூ., பெட்ரோலை விடும். தப்பென்றால் விடாது. ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. சில கார்களில் ஒரு வினாடி ஓடி அணைந்துவிடும். சிலவற்றில் ஸ்டார்ட்டரே சுற்றாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் இம்மொபைலைசர்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், கதவைத் திறக்கும் ரிமோட் வேறு, இந்த சிப் வேறு. ரிமோட்டுக்குத் தனி போர்டு, தனி பட்டன் செல். பல சாவிகளில் இரண்டும் ஒரே கவருக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். அதனால் கதவு 'டக்' என்று திறந்ததற்கும் கார் கிளம்புவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. சாவிக் கடைக்காரர் எடுத்து வைத்தது ரிமோட் போர்டை மட்டும். சிப் பழைய கவருக்குள்ளேயே இருந்திருக்கிறது!

இவ்வளவு தொல்லை எதற்கு, பழைய கார் மாதிரி சாவி போட்டால் ஓட வேண்டியதுதானே என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. புதுக் கார்களில் இம்மொபைலைசர் கட்டாயம் என்று ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 1998-இல், ஆஸ்திரேலியாவில் 2001-இல், கனடாவில் 2007-இல் சட்டம் வந்தது. நெதர்லாந்தில் வான் ஊர்ஸ், வோலார்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், இந்தக் கருவியால் 1995-2008 காலத்தில் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது என்று கணித்திருக்கிறார்கள்.

மறுபக்கக் கணக்கு அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இதைக் கட்டாயமாக்கவில்லை. 2015 மாடல் கார்களில் மற்ற கம்பெனிகள் 96 சதவீதத்தில் இதை வைத்திருந்தபோது, ஹூண்டாயும் கியாவும் அங்கே விற்றவற்றில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. அந்தக் கார்களைத் திருடுவது எவ்வளவு சுலபம் என்று 2021, 2022-இல் பையன்கள் டிக்டாக்கில் வீடியோ போட்டுக் காட்ட, பல ஊர்களில் திருட்டு எகிறியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை இது சம்பந்தமாக 14 விபத்துகள், 8 உயிரிழப்புகள் என்று சொன்னது. சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச சாஃப்ட்வேர் கொடுக்க வேண்டி வந்தது. புளியங்கொட்டை அளவு சிப்பில் மிச்சம் பிடித்ததற்கு வந்த செலவு இது.

ஆக, எங்கள் கார் செய்தது தப்பில்லை. கையெழுத்து இல்லாத செக்கை அது திருப்பி அனுப்பியிருக்கிறது. உண்மையை மறைத்தவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன்பே சாவிக் கடை வாசலில் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் முகம் வாடிவிட்டது. அவர் முன்பு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்ப் பூட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. மாங்காய்ப் பூட்டுக்கு லீவர் ராவியவர் கை அது. "எங்களுக்கெல்லாம் பல்லுதான் தம்பி சாவி. தலைக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பார்த்தா" என்றார். நல்ல வேளையாக, கழற்றிய கவர்களை அவர் குப்பையில் போடுவதில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் பித்தளைத் தூளோடு போட்டு வைத்திருந்தார். இருவருமாகத் தரையில் கொட்டித் தேடினோம். செல்லோ டேப் ஒட்டிய எங்கள் பழைய கவர் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் மூலையில் ஒட்டிக்கொண்டு கறுப்பாக அந்தச் சிப். கொடுத்த 150 ரூபாயைத் திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் சிப்பைக் கழற்றவில்லை. பழைய கவரை அப்படியே சாவித் துவாரத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புதுச் சாவியைத் திருப்பினேன். விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. சத்தம் கேட்டு அப்பத்தா உள்ளேயிருந்து, "வண்டிக்கு உசிரு வந்துருச்சா?" என்றது.

எலக்ட்ரீஷியனுக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே ஓடியிருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். டாக்சி 2,200, பேட்டரி 4,200, பம்ப் 1,200, மொத்தம் 7,600. கீழே, 'காரணம்: நான்' என்று. அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து பேட்டரி வரியை அடித்தார். "இது அஞ்சு வருஷப் பேட்டரி, எப்படியும் இந்த வருஷம் மாத்த வேண்டியதுதான்" என்றார். மிச்சத்தை அடிக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, "அவரு கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார். அந்த 3,400-ஐ டியூஷன் எடுத்த காசில் நான்கு மாதத்தில் அடைத்துவிட்டேன். அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

சரி, உங்கள் காரும் ஒருநாள் இப்படி அடம் பிடித்தால் என்ன செய்யலாம்? நான் பணம் கொடுத்துக் கற்றது உங்களுக்கு இலவசம்.

1. முதலில் காதைக் கொடுங்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை உடனே குறை சொல்லாதீர்கள். 'டிக் டிக்' சத்தமும் மங்கலான விளக்கும் இருந்தால்தான் பேட்டரி. முழு பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் அதற்குச் சார்ஜ் தேவை. வோல்ட் ரொம்பக் குறைந்தால் ஈ.சி.யூ. சாவியைச் சரியாகப் படிக்காமலும் போகலாம்.

2. டேஷ்போர்டில் சாவியோ பூட்டோ போட்ட விளக்கைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஒரு தடவை எரிந்து அணைந்தால் பொதுவாக நல்லது. விடாமல் சிமிட்டினால் சந்தேகம் சாவி மேல்தான். காருக்குக் கார் இது மாறும், கையேட்டைப் பாருங்கள்.

3. இன்னொரு சாவி இருந்தால் அதைப் போடுங்கள். அதில் ஓடினால் கோளாறு முதல் சாவியில். இரண்டிலும் ஓடவில்லை என்றால் வளையக் காயில், அதன் கனெக்டர், ஃபியூஸ் என்று அடுத்த இடத்துக்குப் போகலாம்.

4. சாவி வளையத்தில் வேறு வண்டியின் சிப் சாவியோ பெரிய இரும்புச் சாமானோ தொங்கினால் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு சிப் ஒரே நேரத்தில் பேசினால் காருக்குக் குழப்பம்.

5. பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு: சாவியின் செல் தீர்ந்துவிட்டால், பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்ட வைத்து அமுக்கினால் கிளம்பும். சிலவற்றில் சாவியை வைக்கத் தனி இடம் இருக்கும்.

6. பதினைந்து தடவை திருப்பாதீர்கள். எங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

7. பழைய கார் வாங்கினால் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் கிடைத்தால் அதை வைத்தே இரண்டாவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றும் இல்லாத நிலைக்குப் போனால் செலவும் அலைச்சலும் கூடும். கார் திருடு போய் இன்ஷூரன்ஸ் கேட்கப் போனாலும் முதலில் இரண்டு சாவியையும்தான் கேட்பார்கள். 2002 மோட்டார் டாரிஃபின்படி, ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவி இருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி இருந்தது. இப்போதும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி: கடைசியாக என்ன மாற்றினீர்கள்? ஆடிட்டிங் வகுப்பில் சார் இதையே வேறு வார்த்தையில் சொல்வார். போன மாதம் வரைக்கும் பொருந்திய கணக்கு இந்த மாதம் பொருந்தவில்லை என்றால், எல்லாப் புத்தகத்தையும் பிரிக்காதே, நடுவில் என்ன மாறியது என்று பார் என்பார். அப்போது பரீட்சைக்கு எழுதிக்கொண்டேன். இப்போதுதான் புரிகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் வாயைத் திறக்கவில்லை என்றால், எத்தனை ஸ்கேனர் கொண்டு வந்தாலும் பெட்ரோல் பம்ப்பைத்தான் கழற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

12 நாள் கழித்து அப்பத்தாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று காலையில் அப்பா சாவியை என்னிடம் கொடுத்து, "நீயே ஸ்டார்ட் பண்ணு" என்றார். கை கொஞ்சம் நடுங்கியது. முதல் திருப்பிலேயே பிடித்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் அப்பத்தா அந்த மடக்குச் சாவியைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்காய்யா இத்தனை பாடு?" என்றது.

பி.கு.: இரண்டாவது சாவி செய்துவிட்டோம். அதற்கு ஆர்.சி. புத்தகம், அடையாள அட்டை எல்லாம் கேட்டார்கள். அதற்குக் கவர் கிடையாது, மடங்காது, பார்க்கவும் நன்றாக இருக்காது. ஆனால் ஓடும் :-)